புறாமலையில் எங்கள் கால்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். புறாமலையில் நாங்கள் முருகைக்கல்லை மிதித்தோம். போன ஒன்பது பேரில் ஆறு பேர் மிதித்தோம். தெரியாமல் என்று சொல்லவும் வழியில்லை. போட்டில் ஏறும்போதே ஓட்டி அண்ணா சொன்னவர், "கல்லுக்கு மேல மட்டும் காலை வைக்காதீங்க, அதுக்கு உயிர் இருக்கு" என்று. எல்லாரும் தலையாட்டினோம். தீவில் அறிவிப்புப் பலகை இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்தோம். பிறகு தண்ணிக்குள் இறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, காலுக்குக் கீழே ஏதோ 'மளுக்' என்று முறிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த 'மளுக்' பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் வட்சப் குழுவில் அதே கதைதான். சண்டையும் பிடித்தோம். அதில் மிஞ்சியதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

போகாதவர்களுக்காகக் கொஞ்சம். திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே, குச்சவெளி வீதியில் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. அந்தக் கடற்கரையில் நின்று பார்த்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கல்லும் பற்றையுமாக ஒரு தீவு தெரியும். வரைபடத்தில் புறாத்தீவு. ஊர்ச்சனத்துக்குப் புறாமலை. உண்மையில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு தீவுகள். பெரியதன் நீளம் ஏறக்குறைய 200 மீற்றர், அகலம் 100 மீற்றர், உச்சி கடல்மட்டத்திலிருந்து சுமார் 45 மீற்றர். பாறை இடுக்குகளில் மாடப்புறா கூடு கட்டும், அதனால்தான் இந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படைக்காரர் இந்தத் தீவைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார்கள் என்று ஒரு கதை உண்டு. 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு, 2003 இல் தேசிய பூங்கா ஆனது. சுற்றியிருக்கும் கடலையும் சேர்த்து 471 ஹெக்டேயர். தரை கையளவு, மிச்சமெல்லாம் தண்ணி. தேசிய பூங்கா என்றால் யானையும் ஜீப்பும் என்று நினைத்து வளர்ந்த எங்களுக்கு இது கொஞ்சம் புதுசுதான்.

திருகோணமலைக்குச் சுற்றுலா என்றால் எங்கள் ஆக்களிடம் ஒரு மாறாத நிரல் இருக்கிறது. விடியக் கோணேஸ்வரம், பிறகு கன்னியா வெந்நீரூற்று, மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலோடு கடற்கரை. கோணேஸ்வரத்தில் செருப்பைக் கழற்ற யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கன்னியாவில் வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும் என்பதும் தெரியும். அம்மம்மாவோடு போன நாளிலிருந்து பழகின விஷயங்கள். புறாமலைக்கு அப்படி ஒரு பழக்கம் எங்களிடம் இல்லை. எங்கள் அம்மம்மா யாரும் தண்ணிக்குள் முகத்தை வைத்து மீன் பார்த்ததில்லை.

தீவில் இறங்கியதும் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் வெள்ளைவெளேரென்று கல்லுக் குவியல். விரல் விரலாக, எலும்பு மாதிரி. நடந்தால் பீங்கான் சத்தம் கேட்கும். எங்களில் ஒருத்தி, "இவ்வளவு வடிவான கல்லை எங்கயிருந்து கொண்டுவந்து கொட்டினவங்கள்?" என்று கேட்டாள். யாரும் கொட்டவில்லை. எல்லாம் செத்த முருகை. புயலும் அலையும் உடைத்துக் கரைக்குத் தள்ளியவை. அதில் எத்தனை துண்டு எங்களைப் போன்ற கால்கள் உடைத்தவை என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்களில் ஒருவன் ஒரு துண்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். அதுவும் சட்டப்படி குற்றம். செத்த முருகையைக்கூட பூங்காவிலிருந்து எடுத்துக்கொண்டு போகக் கூடாது. சொன்ன பிறகு திரும்ப வைத்தான், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

தண்ணிக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால் அநியாயம். முதல் தடவை முகமூடியைப் போட்டுக் குனிந்தவன் உடனே தலையைத் தூக்கி, "டேய், உள்ளுக்கு ஒரு ஊரே இருக்குடா" என்றான். அதைவிட நன்றாகச் சொல்ல எங்களால் முடியவில்லை. மான்கொம்பு போல் கிளைத்த முருகை, மேசை மாதிரி விரிந்த முருகை, அவற்றுக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். கிளிமீன் ஒன்று கல்லைக் கடிக்கும் 'கறுக் கறுக்' சத்தம் காதுக்கே கேட்டது. அந்த மீன் கல்லோடு சேர்த்துப் பாசியைக் கடித்து விழுங்கி, அரைத்து, மணலாகக் கழிக்கும். முருகைக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீனின் வயிற்றுக்குள்ளால் வந்தது. இதைக் கேட்ட பிறகு மணலில் படுத்திருந்த இரண்டு பேர் எழும்பிவிட்டார்கள். கொஞ்சம் அப்பால் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் போய்க்கொண்டிருந்தன. மனிதரைக் கண்டால் விலகிப் போகிற பிராணிகள். ஆனால் 'சுறா' என்ற சொல் காதில் விழுந்ததும் நாங்கள் செய்தது என்ன? எழும்பி நின்றோம். எதன் மேல்? கல்லின் மேல்.

முருகைக்கல் என்ற பெயரில்தான் பிழை இருக்கிறதோ என்று யோசித்தோம். 'கல்' என்றால் நிற்கலாம், உட்காரலாம், துணி தோய்க்கலாம். நெடுந்தீவில் வேலியே இந்தக் கல்லால் அடுக்கியதுதான். சுண்ணாம்பு சுட்டதும் இந்தக் கல்லைத்தான். எங்கள் மொழிக்கு இது பல காலமாகக் கட்டடப் பொருள். ஆனால் கடலுக்குள் இருக்கும்போது அது லட்சக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு. உள்ளே சுண்ணாம்பு, மேலே மெல்லிய தோல் மாதிரி உயிர்த்தசை. அந்தத் தசைக்குள் இன்னும் நுண்ணிய பாசி வாழ்கிறது. பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்க, முருகை தின்று வளர்கிறது. நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதுதான். கால் வைத்தால் கல் உடையாவிட்டாலும் அந்தத் தோல் உரியும். உரிந்த இடத்தில் வேறு பாசி வந்து குடியேறும். கிளைவிடும் முருகை நன்றாக வளரும் இடத்திலேயே வருடத்துக்கு 10 சென்ரிமீற்றர் வளர்ந்தால் பெரிய விஷயம். உருண்டையாகப் பாறைபோல் வளர்வது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். ஒரு ஆள் உயரத்துக்கு அப்படி ஒன்றைக் கண்டால், அது எங்கள் பூட்டனுக்கும் முந்தியது என்று கணக்குப் போடுங்கள்.

இனிச் சண்டைக்கு வருவோம். பஸ்ஸில் ஒருவன் சொன்னான், "எங்கட சனத்துக்குப் பொறுப்பில்லை. வெள்ளைக்காரரைப் பார், எவ்வளவு ஒழுங்கா மிதந்து பாத்திட்டுப் போகுதுகள்." இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பூங்கா, கடற்கரை, நீர்வீழ்ச்சி எதைப் பற்றி எழுதினாலும் கீழே நாலு பேர் இதைத்தான் எழுதுவார்கள். உள்நாட்டுச் சனம்தான் பழுதாக்குது, ரிக்கெட் விலையைக் கூட்டு, வெளிநாட்டவருக்கு மட்டும் விடு என்று. பிளாஸ்ரிக் போத்தல் விஷயத்தில் எங்கள் ஆக்களுக்கு வக்காலத்து வாங்க நாங்கள் தயாரில்லை. சாப்பாட்டுப் பார்சலின் லஞ்ச் ஷீற்றைக் காற்றில் விட்டுவிட்டுப் போவது பொறுப்பின்மைதான், அதற்கு வேறு பெயர் இல்லை. ஆனால் காலை வைப்பது வேறு கதை. அதை நாங்கள் செய்து பார்த்தவர்கள், எங்களுக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். நீந்தத் தெரியாத ஒருவரை இடுப்பளவு தண்ணிக்குள் இறக்குகிறீர்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார், நல்லது, உயிர் போகாது. ஆனால் ஜாக்கெட் போட்டதும் உடம்பு கயிற்றில் தொங்குகிற மாதிரி நேராக நிற்கும். கால்கள் கீழே. குப்புறப் படுத்து, கால்களை மேலே கொண்டுவந்து, மேற்பரப்பில் மிதப்பதற்கு உடம்பு பழகியிருக்க வேண்டும். பழகாத ஆள் முகமூடிக்குள் கொஞ்சம் தண்ணி வந்தாலே பதறுவார். குழாய்க்குள் உப்புத்தண்ணி வந்து தொண்டைக்குள் போனால் முடிந்தது. அந்த நேரத்தில் மூளைக்கு ஒரே ஒரு கட்டளைதான்: நில். அறிவிப்புப் பலகையும் ஓட்டி அண்ணா சொன்னதும் அப்போது ஞாபகத்துக்கு வராது. காலுக்குக் கீழே மணல் இருந்தால் அதிர்ஷ்டம். எங்களில் மூன்று பேர் மிதிக்கவில்லை என்று சொன்னோம்தானே, அவர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல. ஒருவன் பருத்தித்துறைக் கடற்கரைப் பொடியன். ஒருவன் பள்ளிக்கூட நீச்சல் அணியில் இருந்தவன். ஒருத்தி தண்ணிக்குள் இறங்கவே இல்லை.

ஆக, முருகையை மிதிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் மிதக்கத் தெரியாதவர்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற பலர் சின்ன வயதிலேயே நீச்சல் வகுப்புக்குப் போய்வந்தவர்கள். ஒழுக்கம் என்று நாங்கள் வாய் பார்த்தது அந்த வகுப்பைத்தான். அவர்களிலும் நீந்தத் தெரியாத ஆளை இறக்கிப் பாருங்கள், அவரும் கல்லில்தான் நிற்பார்.

நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில் பிறந்த எங்களுக்கு ஏன் மிதக்கத் தெரியாது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் பதில் வேறு. எங்களில் மூத்தவர்களுக்குக் கடல் என்பதே முள்ளுக்கம்பிக்கு அப்பால் இருந்தது. மீன்பிடிக்கவே பாஸ் எடுத்துப் போன காலம், அதில் யார் பொழுதுபோக்காக நீந்தப் பழக்குவார்கள்? போருக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கடல் திறந்துகிடந்தது, ஆனால் ரியூஷன் திறந்துகிடந்த அளவுக்கு இல்லை. சனி ஞாயிறில் கடலுக்குப் போகிற பிள்ளை கெட்டுப்போன பிள்ளை. தோட்டத்திலிருந்து வந்த எங்கள் நண்பர் சொன்னது இன்னொரு விதம்: அவர் முதல் தடவை கடலைப் பார்த்தபோது வயது 19.

பெண்பிள்ளைகளுக்கு இது எல்லாவற்றுக்கும் மேலே இன்னும் ஒரு சுவர். என்ன உடுப்போடு இறங்குவது, யார் பார்ப்பார்கள், கறுத்துப் போவாய், எங்கே மாற்றுவது. சல்வாரோடு கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நனைந்த துணி காலைச் சுற்றி இழுக்கும். அந்த உடுப்போடு மிதக்கப் பழகவே முடியாது. இதைப் பகிடியாக எடுக்க வேண்டாம். 2004 சுனாமியில் இந்த நாட்டிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பேர் செத்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் ஒக்ஸ்பாம் வெளியிட்ட குறிப்பு அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இலங்கையில் நீச்சலும் மரம் ஏறுவதும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் பழக்கப்படுகின்றன என்பது. நிலாவெளியும் அந்த அலையில் அடிபட்ட கரைதான். இருபது வருடம் கழித்து அதே கரையில் எங்களோடு வந்த பெண்களில் ஒருத்திக்குக்கூட மிதக்கத் தெரியாது. முருகைக்கல் விஷயமாக எழுதத் தொடங்கிய நாங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நேரம் எழுதாமல் இருந்தோம்.

சாத்தியமில்லை என்றும் சொல்ல முடியாது. அறுகம்பையில் 2018 இல் பெண்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவது. தாய்மாரும் அதில் இருக்கிறார்கள். அந்த ஊரும் எங்கள் ஊர்கள் மாதிரித்தான், அங்கேயும் "ஊர் என்ன சொல்லும்" உண்டு.

சரி, மிதக்கப் பழகினால் முருகை பிழைத்துவிடுமா? வட்சப்பில் எங்கள் விஞ்ஞான மாணவி இதைத்தான் கேட்டாள். கடல் சூடாகிறது. சூடு கூடினால் முருகை தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளிறிப் பட்டினி கிடக்கும், நீண்டால் சாகும். 1998 இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் முருகை பெருமளவில் அப்படித்தான் செத்தது. ஹிக்கடுவ அதில் கடுமையாக அடிவாங்கிய இடம். 2024 ஏப்ரலில் உலக அளவில் நாலாவது பெரும் வெளிறல் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். தவிர டைனமைற் அடித்து மீன் பிடிக்கிற கூட்டம் இருக்கிறது, முருகையைத் தின்னும் முள்ளு நட்சத்திரமீன் இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஒன்பது பேரின் கால் என்ன கால்?

நியாயமான கேள்வி. எங்கள் பதில் இது. 1998 இன் அந்தச் சூட்டில் திருகோணமலைக் கரை பெரும்பாலும் தப்பியது. புறாமலையை நாங்கள் இன்றைக்குப் போய்ப் பார்க்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படித் தப்பிய ஒன்றை நாங்கள் கவனமாக வைத்திருக்க வேண்டாமா? காய்ச்சலில் கிடக்கிற ஆளின் காலை முறிக்கிறது சின்ன விஷயம் என்று யாராவது சொல்வார்களா? சூட்டைக் குறைப்பது நிலாவெளியில் நின்று எங்களால் செய்யக்கூடிய காரியம் அல்ல. காலைத் தூக்குவது செய்யக்கூடியது. ஒன்பது பேர் என்பதும் அன்றைய எங்கள் போட்டின் கணக்கு மட்டும்தான். பள்ளிக்கூட லீவு நாளில் நிலாவெளிக் கரையில் நின்று எத்தனை போட் போகிறது என்று எண்ணிப் பாருங்களன்.

வெளியில் என்ன செய்கிறார்கள் என்று தேடினோம். ஹவாயில் ஹனௌமா குடா என்று ஒரு இடம். எரிமலை வாய் ஒரு பக்கம் உடைந்து கடல் உள்ளே வந்த குடா, புறாமலை மாதிரியே கரையிலிருந்து இறங்கினதும் முருகை. 1967 இலிருந்து பாதுகாக்கப்பட்ட கடல். சனம் கூடிக் கூடி அதை மிதித்தே சாகடிக்கப் பார்த்தார்கள். 2002 இலிருந்து அங்கே ஒரு விதி: முதலில் ஒன்பது நிமிட வீடியோ ஒன்றைப் பார்க்க வேண்டும், பார்க்காமல் யாரையும் கீழே இறங்க விடமாட்டார்கள். எதில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று அதில் காட்டுவார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எல்லை, கிழமையில் கடலுக்கு ஓய்வு நாள். எங்களுக்குப் பிடித்தது அந்த ஓய்வு நாள்தான். மீன் சந்தைக்கே லீவு நாள் இருக்கிறதே, மீனுக்கு இருந்தால் என்ன?

தாய்லாந்தின் மாயா பே இன்னும் தெரிந்த உதாரணம். டிகாப்ரியோ நடித்த 'த பீச்' படம் 2000 இல் வந்த பிறகு சனம் மொய்த்த இடம். 2018 ஜூனில் இழுத்து மூடினார்கள், 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது போட் குடாவுக்குள் வர முடியாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வர வேண்டும். மூடியிருந்த காலத்தில் அந்தக் குடாவுக்குத் திரும்பி வந்தவை எவை தெரியுமா? துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள். நாங்கள் புறாமலையில் பார்த்துப் பயந்து எழும்பி நின்றோமே, அதே இனம்.

ஆனால் மூடு என்று சொல்வதற்கு முன்னால் நாங்கள் ஓட்டி அண்ணாவை நினைத்துக்கொள்கிறோம். வாடைக் காலத்தில் கடல் தானாகவே கதவைச் சாத்திவிடும். சித்திரைக்குப் பிறகு, கடல் அடங்கிக் கிடக்கும் ஐந்தாறு மாதம்தான் அவர்களுக்கு உழைப்பு. அதே ஆள் முன்பு அந்தக் கடலில் வலை போட்டவர், பூங்கா வந்த பிறகு அங்கே வலை போட முடியாது. கடலைப் பாதுகாக்கிறோம் என்று அவரிடமிருந்து ஒரு தடவை எடுத்தாயிற்று. இப்போது எங்கள் கால் செய்த பிழைக்கு அவரிடமிருந்து இன்னொரு தடவை எடுப்பது சரியில்லை. திரும்பி வரும்போது நாங்கள் கேட்டோம், "அண்ணா, ஏன் நீங்கள் சனத்தை ஏசுறேல்லை?" அவர் சிரித்தார். "ஏசினா அடுத்தமுறை வேற போட்டில போவீங்க." எங்களிடம் அதற்குப் பதில் இல்லை.

எங்களுக்குத் தோன்றுவது இது. நிலாவெளிக் கரையில் மணல் அடியாக, முருகையே இல்லாத ஆழம் குறைந்த தண்ணி எவ்வளவோ கிடக்கிறது. புறாமலைக்குப் போகிற ஒவ்வொருவரும் முதலில் அந்தத் தண்ணியில் அரை மணித்தியாலம் இருக்கட்டும். முகமூடி போட்டு, குப்புற மிதந்து, குழாயால் மூச்சு விட்டு, தண்ணி உள்ளே வந்தால் நிற்காமல் ஊதித் தள்ளப் பழகட்டும். அதில் தேறினவர் முருகைப் பக்கம் போகட்டும். தேறாதவருக்குக் கண்ணாடி அடித்தட்டு வைத்த போட் இருக்கலாம், இல்லாவிட்டால் தீவின் மணல் பக்கம் குளிக்கலாம், புறா பார்க்கலாம். அதுவும் நல்ல சுற்றுலாதான். பழக்குவதற்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பொடியள் எங்களுக்கு முன்னால் நடக்கிற மாதிரி நீந்திக் காட்டினார்கள். அவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சியும் சான்றிதழும் கொடுத்தால், அரை மணித்தியாலத்துக்குக் காசு கொடுக்க நாங்கள் தயார். ரிக்கெட்டோடு சேர்த்தே எடுக்கட்டும். பெண்களுக்குப் பழக்கப் பெண்கள் வேண்டும், அதில் சமரசம் இல்லை. உடுப்பு மாற்றக் கதவு பூட்டக்கூடிய ஒரு அறையும் வேண்டும்.

இது செலவு, நேரம் போகும், ஒரு நாளைக்குப் போகிற ஆட்களின் எண்ணிக்கை குறையும் என்று சொல்வார்கள். குறையட்டும். தலைக்கு அரை மணித்தியாலம் கூடச் செலவானால், ஒரே நேரத்தில் முருகைக்கு மேல் நிற்கிற கூட்டம் தானாகக் குறையும், ஓட்டியின் வருமானமும் பெரிதாக விழாது. இதைவிட நல்ல யோசனை இருந்தால் எழுதுங்கள், பதிவிடுகிறோம். "சனத்துக்குப் பொறுப்பில்லை" என்று மட்டும் எழுத வேண்டாம், அது ஏற்கனவே நிறைய இருக்கிறது.

சன்ஸ்கிரீன் பற்றியும் ஒரு வரி. தண்ணிக்குள் இறங்க முன்னம் கிரீமை அள்ளிப் பூசினவர்கள் எங்களிலும் உண்டு. அதில் இருக்கும் சில இரசாயனங்கள் முருகைக்குக் கேடு என்று 2021 இல் தாய்லாந்து தன் கடல் பூங்காக்களில் அவற்றைத் தடைசெய்தது. நீளக் கைச் சேர்ட் போட்டால் வேலை முடிந்தது. கறுத்துப் போவோம் என்ற பயத்தைப் பற்றி வேறொரு கட்டுரை எழுத வேண்டும், அது இங்கே அடங்காது.

இரண்டாம் முறை நிலாவெளிக்குப் போனபோது நாங்கள் புறாமலைக்குப் போகவில்லை. போட்டுக்குக் காசு கையில் இருந்தது. ஓட்டி அண்ணா கையைக் காட்டிக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை, பிறகு தன் மருமகனைக் கூப்பிட்டு விட்டார். அந்தப் பொடியனுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். அன்றைக்கு முழுக்க எங்களுக்கு அவன்தான் வாத்தியார். "அக்கா, கழுத்தை விடுங்க. தண்ணி பிடிக்கும். நீங்க தண்ணிய பிடிக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் பயணத்தில் தண்ணிக்குள் இறங்காமலே இருந்தவள் அன்று பின்னேரம் மல்லாக்க மிதந்தாள். நாங்கள் கரையில் நின்று உரக்க எண்ணினோம். இருபத்தி மூன்று வரைக்கும் போனது. பிறகு சிரிப்பு வந்து தண்ணி குடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டாவது, நாலாவது ஞாயிறு காலைகளில் காரைநகர் கசூரினாவில் கூடுகிறோம். அங்கே நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணி இடுப்பைத் தாண்டாது, பயந்தவர்களுக்கு நல்ல இடம். நீந்தத் தெரிந்த நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்கள், அதில் ஒருவர் பெண். காசு இல்லை. ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏற முன்னம் முடித்துவிடுவோம். இறுக்கமான காற்சட்டையும் நீளக் கை ரீசேர்ட்டும் போட்டு வாருங்கள், சல்வார் வேண்டாம். துவாய், மாற்று உடுப்பு, குடிக்கத் தண்ணி. போத்தலைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும்.